அட்டையில்லாத புத்தகமும் ஒரு சம்மதமும்

என் மகள் துறவியாகிவிட்டாள். இதைச் சொன்னதும் கேட்பவர்கள், ஏதாவது ஏமாற்றமா, கல்யாணம் தட்டிப்போனதா, யாராவது மனசைக் கலைத்துக் கூட்டிப்போய்விட்டார்களா என்று மெதுவாக விசாரிக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நன்றாகப் படித்தாள், வக்கீலாக இருந்தாள், கலகலவென்று பேசுகிற பெண். தன் இஷ்டப்படி போனாள். யாராயிருந்தாலும் தன் இஷ்டப்படிதான் வாழவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவை சில புத்தகங்கள்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன பீங்கான் பட்டறை இருக்கிறது. வீட்டு மீட்டர் பெட்டியில் செருகுகிறோமே, அந்த ஃபியூஸ் கேரியர் செய்கிறோம். சூளையிலிருந்து வந்த சாமானை ஒவ்வொன்றாகப் பழைய காகிதத்தில் சுற்றி, வைக்கோல் போட்டுப் பெட்டியில் அடுக்கி அனுப்பவேண்டும். காகிதம் புதுச்சேரியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். பாடப் புத்தகம், வாரப் பத்திரிகை, பஞ்சாங்கம் எல்லாம் கலந்திருக்கும். பெட்டி கட்டுகிற பெண்கள் பேசிக்கொண்டே கிழித்துக் கிழித்துச் சுற்றுவார்கள். பட்டறை தொடங்கிய புதிதில் ஒரு மதியம், அப்படிக் கிழிபட்டுக்கொண்டிருந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றின் தாள் காற்றில் பறந்து என் பக்கம் வந்தது. எடுத்துப் படித்தேன். பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி என்னை அங்கேயே உட்காரவைத்துவிட்டது.

உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்று ஒருவரிடம் மன்றாடலாம், வாதாடலாம், கெஞ்சலாம். ஆனால் அவர் நன்மைக்காகவே என்றாலும் அவரை வற்புறுத்த யாருக்கும் உரிமை கிடையாது. அந்தத் தாளில் இருந்ததை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். கிழித்துக்கொண்டிருந்த பெண்ணின் கையிலிருந்து மிச்சப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அட்டையும் முதல் சில பக்கங்களும் அதற்குள் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. எழுதியவர் பெயர் எனக்குப் பல வருஷம் தெரியாது. தெரியாமலே அகராதி வைத்துக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலும் அதைப் படித்தேன்.

அந்த வரி என்னை ஏன் அப்படிப் பிடித்தது என்றால், எனக்கு ஓர் அக்கா இருந்தாள், இருக்கிறாள். எங்கள் குடும்பம் வேப்பூர்ப் பக்கம் புஞ்சை விவசாயம். அப்பா நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், ஆனால் வீட்டில் ஒரு கரண்டியைக்கூட அவர் முகத்தைப் பார்க்காமல் யாரும் இடம் மாற்றமாட்டோம். அக்காவுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. அவள் நன்மைக்காக அப்பா அதை வேண்டாம் என்றார். அவள் நன்மைக்காக அந்தத் தை மாதமே கல்யாணமும் செய்துவைத்தார். அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. அதற்குப்பிறகு எதைப் பற்றிக் கேட்டாலும், "எனக்கு என்னா தெரியும், அவங்களக் கேளு" என்று சொல்கிறவளாக ஆகிப்போனாள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி அப்படி ஆனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். அதற்கு ஒரு பெயர் உண்டு, அது ஒரு தவறு என்று எங்கோ ஒருவர் யோசித்து எழுதிவைத்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதன்பிறகு தேடித் தேடிப் படித்தேன். சரக்கு விஷயமாகச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் நிற்பேன். பொருளாதாரம் எழுதிய ஒருவர், எந்த ஒற்றை மண்டைக்குள்ளும் ஒரு நாட்டுக்குத் தேவையான அறிவு முழுவதும் அடங்காது, அது கோடிப் பேரிடம் சிதறிக் கிடக்கிறது என்று விளக்கியிருந்தார். எனக்கு அது பட்டறையில் பார்த்த சங்கதியாகவே இருந்தது. எங்கோ மின்கம்பிக்கான செம்பு விலை ஏறினால் இங்கே என் கேரியருக்கு ஆர்டர் குறையும். யாரும் எனக்குக் காரணம் எழுதி அனுப்பவில்லை, விலையே வந்து சொல்லிவிட்டது. எதைத் தொட்டாலும் அனுமதி வாங்கவேண்டியிருந்த காலத்தில் தொழில் தொடங்கியவன் என்பதால் அந்தப் புத்தகம் எனக்கு லேசாகவே உள்ளே இறங்கியது. இன்னொருவர், எல்லாவற்றையும் அரசே தீர்மானிக்கும் ஒரு நாட்டில் வாழ்ந்து வெளியேறியவர். அவருடைய கட்டுரைகளில் சட்டங்களைவிட முகங்களைப் பற்றித்தான் அதிகம். அங்கே ஜனங்கள் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார்களாம். படித்தபோது எனக்கு அந்த நாடு தெரியவில்லை, எங்கள் வேப்பூர் வீடுதான் தெரிந்தது.

டீக்கடையில் இடதுசாரிக் கட்சி நண்பர்கள் கேலி செய்வார்கள். முதலாளிக்குத் தோதான தத்துவம் என்பார்கள். நானும் சளைக்காமல் பேசுவேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் அது ஒருநாளும் வரியைப் பற்றியோ லைசென்ஸைப் பற்றியோ ஆன தத்துவமாக இருந்ததில்லை. அது அக்காவைப் பற்றியது.

என் மனைவி சேத்தியாத்தோப்புப் பெண். வெள்ளாற்றங்கரை வயல்காட்டில் வளர்ந்தவள், பத்தாவது வரை படித்தவள். புத்தகத்தில் படித்ததையெல்லாம் அவளிடம் வந்து சொல்வேன். அரிசி களைந்துகொண்டே கேட்பாள். ஒருநாள், "எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு இருந்தா சோறு யாருங்க ஆக்குறது?" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இனிமேல் என்னைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்யாதே, உனக்குத் தோன்றியதைச் செய் என்று அவளிடம் சொன்னேன். சரி என்றாள். அடுத்த வாரமே, கூடத்துக்கு என்ன சாயம் பூசலாம் என்று என்னைக் கேட்டாள்.

எங்களுக்கு ஒரே பெண். அவளை வேறு மாதிரி வளர்ப்பது என்று முடிவு செய்தேன். காரணம் சொல்லாமல் எதையும் செய் என்று அவளிடம் சொன்னதில்லை. கோயிலுக்கு வரமாட்டேன் என்றால் விட்டுவிடுவேன். பழமலைநாதர் கோயில் தேரை ஊரே இழுக்கும்போது அவள் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். சொந்தக்காரர்கள் எச்சரித்தார்கள். பெண்ணுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் நாளைக்கு எவனையாவது கூட்டிக்கொண்டு வந்து நிற்பாள் என்றார்கள். வரட்டும், அவள் கூட்டிவருகிற எவனானாலும் எனக்கு மருமகன்தான் என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். யார் வந்து நின்றாலும் ஏற்றுக்கொள்ள நான் தயாராக இருந்தேன். யாரையுமே கூட்டிவராமல் அவளே போய்விடுவாள் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

பதின்மூன்று பதினான்கு வயதிலேயே என் புத்தகங்களை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டாள். அட்டையில்லாத புத்தகத்தை எழுதியவர் யார் என்று கண்டுபிடித்துச் சொன்னவளும் அவள்தான், காலேஜ் லைப்ரரியில் இன்னொரு பிரதியைப் பார்த்து. ஒரு விடுமுறையில் வந்தபோது, "ப்பா, ஒங்களுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு இருக்குது. நீங்க ஒரு லிபர்ட்டேரியன்" என்றாள். தனிமனித சுதந்திரமே எல்லாவற்றையும்விடப் பெரிது என்பவர்களை அப்படிச் சொல்வார்களாம். எனக்கு ஏதோ வியாதியின் பெயர்போல இருந்தது. சமையல்கட்டிலிருந்து என் மனைவி, "அதுக்கு மருந்து இருக்குதா பாப்பா?" என்று கேட்டாள். நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்த நாட்களில் எனக்குத் துல்லியமாக நினைவிருப்பது அது ஒன்று.

சட்டம் படித்து சென்னையில் வக்கீல் தொழிலுக்குப் போனாள். விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் இருப்பது என்று பெண்கள் கொண்டுவரும் வழக்குகள்தான் பெரும்பாலும். அப்படி ஒரு வழக்கில், போக்கிடம் இல்லாத ஒரு பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக, சேலத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பெண் துறவியர் மடத்துக்குப் போனாள். அங்கே பள்ளிக்கூடமும் சின்ன ஆஸ்பத்திரியும் உண்டு. சேர்த்துவிட்டுத் திரும்பியவள் அடுத்த மாதம் மறுபடி போனாள். பிறகு லீவு கிடைத்தபோதெல்லாம் போனாள். நல்ல காரியம் செய்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். டிபன் சாப்பிட்டு முடித்த கையோடு, மடத்தில் சேரப்போகிறேன் என்றாள். முதலில் சில வருஷம் வெள்ளைச் சேலை, பிறகு காவி. எனக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. கடவுள் உண்டா என்று அவள் என்னோடு மணிக்கணக்கில் வாதம் செய்திருக்கிறாள். அந்தக் கேள்வி இப்போது தன்னைத் தொந்தரவு செய்வதில்லை, அங்கே இருக்கும்போது தான் யாராக இருக்கிறேனோ அது தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். அதற்குமேல் அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. கோர்ட்டில் ஜட்ஜையே திணறவைப்பவள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்குச் சொற்களைத் தேடித் தேடிப் பேசினாள்.

எனக்குக் கோபம் வந்தது. கடவுள்மேல் இல்லை, கீழ்ப்படிதல்மேல். "நாளைக்கு நீ எங்க இருக்கணும், எப்ப எழுந்திருக்கணும், யார்கிட்ட பேசணும்னு இன்னொருத்தர் சொல்லுவாங்க. சரின்னு சத்தியம் பண்ணிக் குடுக்கப் போற. இதுக்கா பாப்பா அவ்வளவும் படிச்ச?" என்று கேட்டேன்.

"என்னைய யாரும் புடிச்சி இழுக்கலப்பா. நானாதான் போறேன்."

சுதந்திரத்தை வைத்துக்கொண்டு சுதந்திரத்தையே விட்டுக்கொடுக்க முடியாது, ஒருவன் தன்னை அடிமையாக விற்றுக்கொள்வதை மட்டும் அந்தப் புத்தகமே ஒப்புக்கொள்வதில்லை என்று நான் மடக்கினேன். அந்தப் பக்கத்தைத் தானும் படித்திருப்பதாகச் சொன்னாள். விற்றவன் திரும்பி வரமுடியாது, அதனால்தான் அது தப்பு. மடத்தில் கதவுக்குப் பூட்டு கிடையாது, என்றைக்கு வேண்டுமானாலும் எழுந்து வந்துவிடலாம் என்றாள்.

"அப்ப திரும்பி வருவியா?"

பொய் சொல்லத் தெரியாத பெண். "வரமாட்டேம்ப்பா" என்றாள்.

அப்புறம் என்னைச் சமாதானப்படுத்துவதற்காகவோ என்னவோ, தமிழில் வீடு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறதே, நாம் குடியிருப்பதும் வீடு, எல்லாவற்றிலிருந்தும் விடுபடுவதும் வீடு, நம் பெரியவர்கள் தெரியாமலா வைத்திருப்பார்கள் என்று சொன்னாள். அதுவரை சுவரோரமாக உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்தாள். "எனக்கு வூடுன்னா ஒரே அர்த்தந்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மடத்தில் ஒரு முறை இருந்தது. பெற்றவர்கள் இருவரும் நேரில் வந்து சம்மதம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். மகளே இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து என் மனைவியின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ரயிலில் போகும்போது அவள் என்னிடம் கெஞ்சவில்லை. ஆத்தூர் தாண்டியதும் மகள் கைகழுவ எழுந்துபோன சமயம் பார்த்து, "ஒரு வார்த்த இல்லன்னு சொன்னா போதுமாம். அவங்களே திருப்பி அனுப்பிச்சிருவாங்களாம்" என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். அவ்வளவுதான்.

மடத்துத் தலைவி வயதான அம்மா. பின்கட்டில் ஒரு சின்ன அறையில் எங்களை உட்காரவைத்தார். காபி கொடுத்தார்கள். பெரிய உபதேசம் ஏதாவது வரும், எழுந்து பதில் சொல்லலாம் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் எங்கள் ஊர் மழையைப் பற்றிக் கேட்டார். பிறகு நேராகவே விஷயத்துக்கு வந்தார். பெற்ற வயிறு எரிய ஒரு பெண்ணை இங்கே வைத்துக்கொள்வதில்லை, அது எங்கள் வழக்கம் என்றார். முதலில் என் மனைவியைத்தான் கேட்டார். அம்மா, உங்களுக்குச் சம்மதமா?

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

எத்தனையோ வருஷம் முன்பு நான் படித்த கட்டுரைகளும், வேப்பூர் வீடும், அப்பா முன்னால் நாங்கள் நின்ற நிலையும் அந்த ஒரு பார்வையில் எனக்குள் வந்துபோயின. நீ சொல்லு, உன் வாயால் சொல்லு என்று அவளிடம் கத்தவேண்டும்போல இருந்தது. அவள் தலைவியிடம் திரும்பி, "அவங்க சொல்றதுதாங்க எனக்கும்" என்றாள். இல்லை என்று சொல்வதற்கான உரிமை அவளுக்கும் சமமாக இருந்தது. அதையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். நான் சரியானதைச் செய்வேன் என்ற நம்பிக்கையில் கொடுத்தாள்.

தலைவி என்னைப் பார்த்தார். மகள் வயதுவந்த பெண், இதில் என்னைக் கேட்பதே முறையில்லை, எனக்கு அந்த உரிமை கிடையாது என்று சொன்னேன். பல வருஷமாக நம்பியதைத்தான் சொன்னேன்.

"உரிமை யாருக்குன்னு நான் கேக்கலைங்க ஐயா" என்றார் அந்த அம்மா. "உங்க மனசுக்குச் சம்மதமான்னு கேக்கறேன். இல்லேன்னா இல்லேன்னே சொல்லலாம். உங்க பொண்ணு உங்ககூட வந்துடுவா, எங்ககிட்ட சொல்லியிருக்கா."

மகள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். என் பக்கமே திரும்பவில்லை. வெளியே துணி காய்ந்துகொண்டிருந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரிந்தால் அது என்னை ஒரு பக்கம் தள்ளிவிடும் என்று திரும்பாமல் நிற்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. யாரையும் கண்ணால்கூட வற்புறுத்தக் கூடாது என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். என் மனசுக்குச் சம்மதம் இல்லை. ஒரு துளியும் இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் அக்காவிடம் அப்பா வேண்டாம் என்று சொன்னபோது அதுவும் அவர் மனசுக்கு உண்மையாகத்தான் இருந்தது.

"சம்மதம்" என்றேன்.

மகள் அப்போதும் திரும்பவில்லை. அவள் தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

திரும்பும்போது ரயிலில் எங்கள் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. சின்னசேலம் ஸ்டேஷனில் யாரோ ஏறி அதில் உட்கார்ந்த பிறகுதான் என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த சில வாரங்கள் சோறு வைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒருநாள் நான் வழக்கம்போல நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"இத்தினி வருசமா படிக்கிறீங்களே, அதுல பெத்தவளுக்குன்னு ஒரு பக்கமாவது எழுதியிருக்குதாங்க?"

இருக்கிறது என்று சொல்ல ஆசைப்பட்டேன். பெற்றோரின் கடமை பற்றி இருக்கிறது, குழந்தையைப் படிக்கவைக்கவேண்டியது பற்றி இருக்கிறது. விட்டுக்கொடுத்த பிறகு பெற்றவள் என்ன செய்வது என்று நான் படித்த எவரும் எழுதவில்லை. இல்லை என்றேன். தெரிந்துகொண்டவள்போலத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

சில வருஷங்கள் வெள்ளைச் சேலையில் கழிந்தன. அந்தக் காலத்தில் போனில் பேசுவாள், நாங்கள் போய்ப் பார்ப்போம். பிறகு காவி கொடுக்கும் நாள் வந்தது. அதற்கு முந்தின தினம் தங்களுக்குத் தாங்களே ஈமக்கடன் செய்துவிடுவார்களாம். பழைய பெயரும் பழைய உறவும் அதோடு முடிந்ததாகக் கணக்கு. மடத்திலிருந்து ஒருவர் போன் செய்து, எல்லாம் நல்லபடியாக நடந்தது, புதுப் பெயர் இன்னது என்று மரியாதையாகச் சொன்னார். நான் அதை மனைவியிடம் சொன்னேன். அவள் கொல்லைப்புறம் போய்க் குழாயடியில் உட்கார்ந்து, கட்டின சேலையோடு தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டாள். சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் குளிப்பதுபோல. நான் துண்டோடு கதவருகில் நின்றேன். வாங்கிக்கொள்ளவில்லை. ஈரத்தோடு என்னைத் தாண்டிப் போனாள்.

சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோலத்தான் வந்தார்கள். ஒரே பெண்ணைக் காவு கொடுத்துவிட்டான், அவன் படிப்பே அவன் குடும்பத்துக்கு எமன் என்று என் காதுபடப் பேசினார்கள். எல்லாரும் போன பிறகு அக்கா வந்தாள், வேப்பூரிலிருந்து தனியாக பஸ் பிடித்து. நரைத்துவிட்டாள், முழங்கால் வலி. டீயைக் குடித்துவிட்டு வெகுநேரம் தம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ செஞ்சது சரிதாந் தம்பி" என்றாள். "என்னைய யாரும் அப்பிடி வுடல." பிறகு உள்ளறைப் பக்கம், என் மனைவி படுத்திருந்த திசையைப் பார்த்தாள். "ஆனா வுட்டிருந்தா நம்ம அம்மா எப்பிடிக் கெடந்திருக்கும்னு இப்பதான் பாக்குறேன்."

அவள் நியாயமும் சொல்லவில்லை, குற்றமும் சொல்லவில்லை. நான் அவளுக்காகத்தான் இவ்வளவும் நம்பினேன் என்பதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்ல வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். படியேறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள், போயிட்டு வரேன் தம்பி என்றாள்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும், என் மனைவி ஒரு பையில் துணிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். மடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒண்டுக்குடித்தனமாக அறை கிடைக்கிறது, மடத்துப் பள்ளிக்கூடச் சமையலுக்குக் காய்கறி நறுக்க ஆள் வேண்டுமாம், கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். விசாரித்து, பேசி, எல்லாம் முடித்திருந்தாள். தனியாக பஸ்ஸில் சேத்தியாத்தோப்புக்குப் போகக்கூட என்னைக் கேட்டவள். என்னிடம் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அதுதான்.

நான் என்ன செய்வது என்று கேட்டேன். எனக்கே என் குரல் சிறுபிள்ளைக் குரலாகக் கேட்டது.

"அரிசி டின்னுல இருக்குது. பக்கத்து வூட்டுல தோசமாவு தருவாங்க" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. "நீங்க யாரையும் புடிச்சி வெக்கிற ஆளு இல்லியேங்க."

பையை நான்தான் ஸ்டேஷனுக்குத் தூக்கிப்போனேன்.

கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போகிறது. மாசி மகத்துக்கு வருவாள், தீபாவளிக்கு வருவாள். வந்தால் வீட்டைக் கூட்டித் துடைத்து, எனக்குப் பொடி அரைத்து வைத்துவிட்டுப் போவாள். அங்கே மகள் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், எல்லாப் பெண்களையும் கூப்பிடுவதுபோல. தனியாக உட்கார்ந்து பேசுவது கிடையாது. காலையில் பிரார்த்தனை முடிந்து துறவிகள் வரிசையாகப் போகும்போது இவள் பார்ப்பாளாம், மதியம் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பார்ப்பாளாம். அது போதுமா என்று ஒருமுறை கேட்டேன். "கண்ணுல தெரிஞ்சாப் போதும்" என்றாள். எனக்கு அது போதாது. ஆனால் அவளுக்குப் போதும் என்பதை நான் எப்படி மறுப்பது?

நம்பியது தப்பு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. திரும்பவும் அந்த அறையில் அந்த அம்மா கேட்டால் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன். படிக்கிறேன். முன்போல அடிக்கோடு போடுவதில்லை. புத்தகங்களில் 'தனிமனிதன்' என்று வரும் இடங்களில் மனசு நின்றுவிடுகிறது. அந்த மனிதன் யாரோ ஒருத்தி பெற்று வளர்த்தவனாகத்தான் இருக்கவேண்டும். அவள் அந்தப் பக்கத்தில் எங்கே நிற்கிறாள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன பங்குனியில் போய் வந்தேன். மகள் பார்க்க வந்தாள், முறைப்படி இன்னொரு துறவியும் கூட. மொட்டைத் தலையும் காவியுமாக அவளை நான் பார்ப்பது முதல்முறை இல்லை, ஆனாலும் ஒவ்வொருமுறையும் முதலில் ஒரு கணம் கண் அவளைத் தேடும். வந்தவர்களெல்லாம் அவள் காலில் விழுந்தார்கள். நான் கைகூப்பினேன். அவளும் கைகூப்பினாள். சூளையைக் காஸுக்கு மாற்றியாயிற்றா, சாப்பாடு எப்படி, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று விசாரித்தாள். ஒருநாள் ரசம் வைக்கப்போய்ப் புளிக்குப் பதிலாக ஊறப்போட்டிருந்த பேரீச்சம்பழத்தைக் கரைத்துவிட்டதைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாள். பழைய சிரிப்பு. பக்கத்தில் இருந்த துறவியும் சிரித்தார். இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டாள். புதிதாகக் கிடைத்த ஒரு புத்தகத்தைப் பற்றி, அதில் எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள், எதிர்வாதம் செய்யப்போகும்போது அப்படித்தான் சுருக்குவாள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. உடனே எழுந்துவிட்டாள். நான் வாக்கியத்தை முடிக்கவில்லை. மறுபடி கைகூப்பிவிட்டு, தாழ்வாரத்தின் நிழலில் மற்றவர்களோடு வரிசையில் சேர்ந்து நடந்துபோனாள்.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கையில் வாழைப்பூ நறுக்கிய கறை இருந்தது. பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தாள். எப்போது வருகிறாய் என்று கேட்டேன். சொல்றேன் என்றாள். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்தேன். மாத்திரையை மறந்துடாதீங்க என்றாள். வண்டி நகரத் தொடங்கியதும் திரும்பி மடத்துப் பக்கம் நடந்தாள். நடை வேகமாக இருந்தது. அங்கே அவளுக்கு வேலை இருந்தது.